எனிட் மிஸ் வட்டம் போட்ட சொற்கள்

எனிட் சக்டன் மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பிறகுதான் வாய் திறக்கும். எங்கள் யார்க்‌ஷயர் ஊரான ஸ்டேன்ஷாவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், ஏனென்றால் பாதிப் பேர் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள். நானும் படித்தேன். கண்ணாடி மேசைக்குப் போனதும் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

அவர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அவருடைய சிவப்புப் பென்சிலிடம் அடிபடாதவர்கள்தான் யாரும் இல்லை. கட்டுரை நோட்டில் பெயரடை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்து வட்டம் போட்டுவிடுவார். நல்ல, பெரிய, அழகான என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிற சொற்கள் இருக்கின்றனவே, அவைமேல் அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"சோம்பேறிக் கூட்டம்!" என்பார். "வினைச்சொல்லப் பாரு, நேத்து இன்னிக்கு நாளைக்குன்னு மாறி மாறி உழைக்குது. பெயர்ச்சொல்கூட ஒண்ணுன்னா ஒரு மாதிரி, பலதுன்னா ஒரு மாதிரி வளைஞ்சு குடுக்குது. நம்ம இங்கிலீஷ்ல இது? ஒண்ணுக்கும் அதே, நூறுக்கும் அதே. ஆம்பளைக்கும் அதே, பொம்பளைக்கும் அதே. துளி வளையாது. வரிசைல முன்னாடி நிக்கறதுக்கு மட்டும் அடிச்சுக்கும்."

அந்த வரிசையை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைகூட 'அழகான பெரிய கிழட்டுக் கறுப்பு நாய்' என்றுதான் சொல்லும். 'கறுப்புக் கிழட்டுப் பெரிய அழகான நாய்' என்று மாற்றிச் சொன்னால் அது விழுந்து விழுந்து சிரிக்கும். மிஸ் கரும்பலகையில் அதை எழுதிவிட்டு முதல் சொல்லைப் பிரம்பால் தட்டுவார். "பாத்தீங்களா, முதல்ல வந்து நிக்கறது எப்பவும் அபிப்பிராயம். அழகான, நல்ல, மோசமான. யாரோட அபிப்பிராயம்னு பேர் இருக்கா? இருக்காது. திருட்டுப்பய."

நெவில் பூத் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு நாயைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒன்பது வட்டம் விழுந்தது.

"நல்ல நாய், நல்ல நாய்னு எழுதியிருக்கியே, அது என்னடா பண்ணுச்சு?"

"எங்கப்பா பூட்ஸத் தின்னுடுச்சு மிஸ்."

"அத எழுதுடா, மண்டு!"

இது எழுபத்து நான்கில் நடந்தது. நெவிலுக்கு அப்போது பதின்மூன்று வயது. நாற்பத்து நான்கு வருடம் கழித்து, பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே நெவில் இரண்டு ஊன்றுகோல்களோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி மாக்சின், கையில் பழுப்பு நிற உறை. சர்ச் ஹாலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் இலவச ஆலோசனை அறைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த உறையோடுதான் வருவார்கள். அரசாங்கம் நல்ல சேதியை அதில் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

நான் அங்கே பெயர் எழுதி, தேநீர் போட்டு, வருகிறவர்களை உள்ளே அனுப்புகிறவள். உள்ளே இருப்பவர் எனிட் மிஸ். ஓய்வு பெற்றதும் தோட்டம் போடுவார் என்று ஊர் நினைத்தது. அவர் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது.

"நெவில், எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல நோரா. நீ?"

அவன் கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நாற்காலியைப் பிடித்து, மேசையைப் பிடித்து, மாக்சினின் தோளைப் பிடித்து உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் இரண்டு நிமிடம் மூச்சு வாங்கினான். ஆனால் பரவாயில்லையாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கல்குவாரியில் லாரியில் ஏற்றும்போது ஒரு கல் பாளம் சரிந்து அவன் இடுப்பிலும் முதுகிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவனால் பத்தடி நடப்பதே பாடு. அதனால் அரசாங்க உதவித்தொகைக்குப் பதிலாக ஒரு கார் கொடுத்திருந்தார்கள். காலால் மிதிப்பதையெல்லாம் கையால் இயக்கும்படி மாற்றிய கார். அதில்தான் புதன்தோறும் ஞாயிறுதோறும் அவன் தன் தங்கை டைனாவைப் பார்க்கப் போவான். டைனா டௌன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அம்மா போன பிறகு, எட்டு மைல் தள்ளி மேட்டுக்காட்டில் இருக்கும் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். அந்த மேட்டுக்குப் பஸ் கிடையாது. மாக்சினுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் வேலை வேறு. இரண்டரை மணிக்கு அண்ணன் வருவான் என்று டைனா இரண்டு மணிக்கே கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். அவன் கஸ்டர்ட் பணியாரம் வாங்கிப் போவான், இருவரும் காரில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு தின்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் சங்கதி.

உறைக்குள் இருந்த கடிதம், அவன் நடக்க முடிந்தவன் என்றும், காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

கூடவே முப்பத்தொரு பக்க அறிக்கை. அரசாங்கத்துக்காக ஆட்களைப் பரிசோதிக்கும் ஒரு கம்பெனி, அவன் வீட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்பிப் பார்த்து எழுதியது. உள்ளே கூட்டிப் போனதும் மிஸ் அதை வாங்கி, சிவப்புப் பென்சிலை எடுத்தார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நெவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இருபது நிமிடம் வட்டம் விழுந்தபடி இருந்தது. பிறகு கண்ணாடி மேசைக்குப் போனது.

"நாப்பத்தேழு," என்றார் மிஸ். "நாப்பத்தேழு வட்டம். முப்பத்தொரு பக்கத்துல நீ எத்தன அடி நடந்தேன்னு ஒரு இடத்துலகூட இல்லடா! நோரா, இதக் கேளு. 'நேர்த்தியாக உடுத்தியிருந்த, உற்சாகமான மனுதாரர் இயல்பான நடையில் வந்து நாற்காலியில் அமர்ந்தார்.' இயல்பானன்னா யாருக்கு இயல்பு? ஆமைக்கா? 'உற்சாகமா இருந்தார்'னு தனியா எழுதியிருந்தா, ஏம்மா அப்படிச் சொல்றேன்னு கேக்கலாம். இவ என்ன பண்ணியிருக்கா? 'உற்சாகமான மனுதாரர்'னு முன்னாடி கோத்துட்டா. இப்போ கேள்வி நாற்காலியப் பத்தித்தான் வரும். உற்சாகம் ஏதோ ஊரே ஒத்துக்கிட்ட விஷயம் மாதிரி உள்ள வந்து கால் மேல கால் போட்டு உக்காந்துடுச்சு!"

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு மிஸ்," என்றான் நெவில்.

"நல்ல!" மிஸ் பென்சிலை அவனை நோக்கி நீட்டினார். "திரும்ப ஆரம்பிக்காத."

என்ன நடந்தது என்று மாக்சின்தான் சொன்னாள். "வாசல்லயே அந்தப் பொண்ணு 'எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டா. இவரு 'பரவாயில்ல கண்ணு, நீ எப்படி இருக்க?'ன்னாரு. அத எழுதிக்கிட்டா. 'நடக்க முடியுதா?'ன்னா. 'ஏதோ ஓடுது, கொஞ்சம் மெதுவா'ன்னாரு. அதையும் எழுதிக்கிட்டா. 'வலி?'ன்னா. 'இருக்கும் போகும், குறை சொல்லக் கூடாது'ன்னாரு. முந்தின ராத்திரி கட்டில்லேர்ந்து இறங்க முடியாம அழுத மனுஷன் மிஸ் இவரு. நான் பக்கத்துல உக்காந்து கால மிதிக்கிறேன், மிதிக்கிறேன், இவரு அவளுக்கு டீ வேணுமான்னு கேக்கறாரு!"

எனக்கு நெவில் மேலும் கோபம் வந்தது, அதை ஒளிப்பானேன். ஆனால் இந்தப் பக்கத்தில் யாரை எடுத்தாலும் கதை இதுதான். யார்க்‌ஷயரில் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்ல வேண்டும். அது மரியாதை. உயிர் போகும்போதும் அதுதான் பதில். வலிக்கிறது என்று ஒருவன் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் மதுக்கடையில் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் இந்தப் பக்கத்துக்காரிதான், மாக்சின் சொன்னாள், பேச்சிலேயே தெரிந்ததாம். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எழுதினாள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

மிஸ்ஸுக்கு எரிந்தது வேறு இடம். அதை அவர் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். அவர் தறி ஓட்டியவரின் மகள். பெரிய ஊரில் இருந்த பெண்கள் பள்ளியில் பரீட்சை எழுதி இடம் பிடித்தவர், கடைசி வருடம் வகுப்பில் முதல். பல்கலைக்கழகத்துக்குத் தலைமையாசிரியை கடிதம் கொடுக்க வேண்டும். அவருக்கும், கூடப் படித்த ஒரு டாக்டர் மகளுக்கும் ஒரே நாளில் கடிதம் தட்டச்சானது. தட்டச்சு செய்த அம்மாள் இவர்கள் தெருக்காரர், இரண்டையும் காட்டிவிட்டார். டாக்டர் மகள் லத்தீன் படித்தாள், விவாதத்தில் வென்றாள், நாடகத்தை இயக்கினாள் என்று இருந்தது. எனிட்டைப் பற்றி, 'சுத்தமான, அடக்கமான, இனிமையான பெண்' என்று இருந்தது. வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பல்கலைக்கழகம் டாக்டர் மகளை எடுத்துக்கொண்டது. இவர் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார். "அவ செஞ்சதெல்லாம் இருந்துச்சு நோரா, நான் செஞ்சது ஒண்ணுமே இல்ல," என்றார். ஐம்பத்துமூன்று வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது கண்ணாடி மேசையில்தான் இருந்தது.

நெவிலுக்காக மிஸ் மேல்முறையீடு போட்டார். போட்டு என்ன, விசாரணைக்கு நாள் வர ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். காருக்கு ஒன்பது மாதம் பொறுமை இல்லை. ஏப்ரலில் ஒரு பையன் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான். நெவில் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, காலையில் கிளப்பும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பார்த்து ஓட்டு என்று சொல்லி அனுப்பினானாம்.

அன்றைக்கே நான் கேட்டேன். "ஞாயித்துக்கிழம நான் கொண்டு போய் விடட்டுமா நெவில்? எங்கிட்ட வண்டி இருக்கே."

"வேணாம் நோரா, உனக்கு எதுக்குச் சிரமம். நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்கிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த ஒன்பது மாதத்தில் நான் அவனைக் கூட்டிப் போனது மூன்று தடவை. மூன்றே தடவை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு 'பாத்துக்கறோம்' என்றால் என்ன என்று தெரியாதா? தெரியும். அடுத்த ஞாயிறு அவன் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சோம்பல்.

கோடை முழுக்க மிஸ் அவனுக்குப் பாடம் எடுத்தார். வியாழன்தோறும் பத்து மணிக்கு நெவில் உள்ளே வருவான், மிஸ் கேட்பார்.

"எப்படி இருக்க?"

"பரவாயில்ல மிஸ்."

"வெளிய போ. திரும்ப வா."

அவன் ஊன்றுகோலை எடுத்து எழ முயலுவான். "உக்காருடா, உக்காரு, நெஜமாவே போகாத! ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கின?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எந்தக் கடைல விக்குது? மணி சொல்லு."

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"பஸ் ஸ்டாப்புலேர்ந்து இங்க வர எத்தன தடவ நின்ன?"

"அங்கங்க."

"நெவில்!"

"நாலு தடவ மிஸ். ரெண்டாவது லைட் கம்பத்துக்கிட்ட காலு மரத்துடுச்சு. மாக்சின் பிடிச்சுக்கிட்டா."

"அத சொல்லு. அதத்தான் சொல்லணும். மெதுவா, கொஞ்சம், பரவாயில்ல, இந்த மாதிரி ஒண்ணும் வேணாம். நாலு தடவ. ரெண்டாவது கம்பம்."

மாக்சின் என் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். ஜூலை வாக்கில் சிரிப்பு நின்றுவிட்டது. நாலு தடவை, ரெண்டு மணி நேரம் என்று புருஷன் வாயால் வரும் ஒவ்வொரு எண்ணையும் அவள் அங்கே உட்கார்ந்துதான் முதல்முறையாகக் கேட்டாள். அவளிடமும் அவன் பரவாயில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

விசாரணை நவம்பரில், மாவட்ட ஊரில். மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் பெண் நீதிபதி, ஒரு பக்கம் வயதான டாக்டர், இன்னொரு பக்கம் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள். லிஃப்டிலிருந்து அறைக்குப் போகும் நடைவழியில் நெவில் மூன்று தடவை சுவரில் சாய்ந்தான். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். நல்ல மனுஷர்தான், முகத்திலேயே தெரிந்தது. இப்போது நான் 'நல்ல' என்று எழுதினால் மிஸ் வட்டம் போடுவார், போடட்டும்.

"வணக்கம் மிஸ்டர் பூத். எப்படி இருக்கீங்க?"

நெவில் மிஸ்ஸைப் பார்த்தான். மாக்சினைப் பார்த்தான். இருபத்தாறு வியாழக்கிழமை படித்த பாடம் அவன் தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன்.

"பரவாயில்லைங்க டாக்டர்," என்றான். "நீங்க எப்படி இருக்கீங்க?"

டாக்டர் எழுதிக்கொண்டார்.

எனிட் மிஸ் எழுந்துவிட்டார். கண்ணாடி மேசையில் இல்லை, தரையில் கிடந்தது. "அத எழுதாதீங்க!"

"மிஸஸ் சக்டன், உக்காருங்க," என்றார் நீதிபதி.

"மிஸ். மிஸ் சக்டன். நான் உக்காரேன். உங்க முன்னாடி இருக்கற வழக்குக் கட்டுல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்த எடுங்க. அத நீங்க யாராவது சத்தமா படிங்க, அப்புறம் உக்காருறேன்."

நீதிபதிக்கு முகம் சிவந்தது. வெளியே அனுப்பிவிடப் போகிறார், கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சக்கர நாற்காலி அம்மாள் ஏற்கனவே பக்கத்தைப் புரட்டிவிட்டார். அது விபத்து நடந்த நாளில் குவாரிக்கு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அங்கேயே நின்றபடி கிறுக்கிய காகிதம். மிஸ் அதற்காக மருத்துவமனைக்கு ஐந்து கடிதம் எழுதியிருந்தார்.

அந்த அம்மாள் படித்தார். "'பதினொன்று நாற்பது. ஆண், நாற்பத்தெட்டு வயது. கல் பாளத்துக்கு அடியில் இடுப்புவரை சிக்கியிருக்கிறார். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, முதுகெலும்பிலும் முறிவு இருக்கலாம். இடது காலில் உணர்ச்சி இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நோயாளி சொன்னது...'" அங்கே நிறுத்தினார். பிறகு மெதுவாகப் படித்தார். "'பரவாயில்லை. லாரிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறார்.'"

நெவில் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"கல்லுக்கு அடில கெடக்கும்போதும் அதே பதில்தான் சொன்னான்," என்றார் மிஸ். "அன்னிக்கு அந்த ஆம்புலன்ஸ் ஆளுங்க அத நம்பிட்டு 'உற்சாகமான நோயாளி'ன்னு எழுதிட்டுத் திரும்பிப் போயிருந்தா, இவன் இன்னிக்கு இங்க இல்ல. அவங்க கல்லத் தூக்கிப் பாத்தாங்க. உங்க ஆளு பாக்கல. நீங்களாவது பாருங்க."

டாக்டர் பேனாவை எடுத்துத் தான் எழுதிய வரியை அடித்தார். அடித்துவிட்டு, "எங்கப்பாவும் குவாரிதான்," என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. பிறகு நெவிலிடம் திரும்பினார். "லிஃப்ட்லேர்ந்து இந்த நாற்காலிக்கு வர எத்தன தடவ நின்னீங்க?"

"மூணு தடவைங்க."

"எதுக்கு?"

"காலு போயிடுதுங்க. அப்படியே கீழ இல்லாத மாதிரி. சுவரப் பிடிச்சுக்கிட்டேன்."

"சுவர் இல்லன்னா?"

"விழுந்துடுவேங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ விழறேன்." மாக்சின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உதவி முழுதாகத் திரும்ப வரும், கார் திரும்ப வரும். மாக்சின் மிஸ்ஸைக் கட்டிப்பிடித்தாள். மிஸ் மரம் மாதிரி நின்றார்.

"இருவத்தஞ்சு நிமிஷம்," என்றார் வெளியே வந்ததும். "இருவத்தஞ்சு நிமிஷ வேலைக்கு ஒம்போது மாசம். ஏன் எல்லாரும் சிரிக்கறீங்க? எனக்குச் சிரிப்பு வரல."

கார் வந்தது ஜனவரியில். முதல் ஞாயிற்றுக்கிழமை தானும் வருவேன் என்று மிஸ் அடம்பிடித்தார். "இந்த டைனாவ நான் பாக்கணும்." என்னையும் ஏறச் சொன்னார். நெவில் கஸ்டர்ட் பணியாரம் நான்கு வாங்கியிருந்தான். மேட்டில் ஏறும்போது மழை. இல்லத்துக்கு முன்னால் சரியாக இரண்டரைக்கு வண்டியை நிறுத்தினான், தலையைக் குனிந்து ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் யாரும் இல்லை.

வாசலில் ஒரு பணிப்பெண் வந்தாள், சிரித்த முகம். "நீங்க வர்றது தெரியாதே கண்ணு. டைனா உள்ள டிவி பாத்துட்டு இருக்கா. கவலப்படாதீங்க, இப்போ அவ நல்லா பழகிட்டா. முதல்ல ரெண்டு மூணு மாசம்தான் கஷ்டமா இருந்துச்சு. புதன், ஞாயிறு ஆனா கோட்ட மாட்டிக்கிட்டு ஜன்னல விட்டு நகரமாட்டா. சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டா. கழட்டுன்னா கத்துவா. அப்புறம் தானா அடங்கிட்டா. இப்போ ஜன்னல் பக்கமே போறதில்ல. பாருங்க, தினமும் எழுதறோம்." மேசைமேல் திறந்து கிடந்த நோட்டைக் காட்டினாள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி. 'அமைதியான நாள்.' 'அமைதியான நாள்.' 'அமைதியான, நிறைவான நாள்.'

மிஸ்ஸின் கை சட்டைப்பைக்குப் போனது. சிவப்புப் பென்சில் வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே, அடுத்தவர் நோட்டு என்றும் பார்க்காமல், வட்டம் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தைப் புரட்டி மறுபடி. பென்சில் முனை உடையும்வரை போட்டார். அவளைத் திட்டவில்லை.

டைனா நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, குட்டையான முடி. அண்ணன் கதவருகே வந்து, சுவரைப் பிடித்து, அடுத்த நாற்காலியைப் பிடித்து, அவள் எதிரே உட்காரும்வரை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டைனா," என்றான். "எப்படிடா இருக்க?"

எங்கள் பக்கத்தில் பிறந்து அந்தப் பதிலைக் கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் டைனாதான்.

"கோவமா இருக்கேன்," என்றாள். "உன் மேல. நீ வரல. நான் கோட்டுப் போட்டேன். நீ வரல. திரும்பப் போட்டேன். வரல."

நெவில் பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஹாரன் அடிக்காத அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் கண்முன் வந்து நின்றது. மிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கும் அளவுக்கு.

டைனா கடைசியாக அவன் பக்கம் திரும்பினாள். கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டும் என்கிற மரியாதையை மட்டும் அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். "நீ எப்படி இருக்க?"

அவன் வாய் 'ப' என்று குவிந்தது. குவிந்து அப்படியே நின்றது.

"வலிக்குது டைனா," என்றான். "காலு ரொம்ப வலிக்குது. வண்டியப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு வலிக்குதுன்னு அவங்ககிட்ட நான் சொல்லல."

டைனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கால்களையும் பார்த்தாள்.

"சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்றாள்.

பிறகு எழுந்து கோட்டை எடுத்துவரப் போனாள்.